படம் முடிந்த பிறகு அந்தச் சனம் எங்கே போகும்?

"டேய், பின்னாலை வாறாங்கள்! பின்னாலை பாரடா!"

அப்பா பிளாஸ்டிக் கதிரையிலிருந்து பாதி எழுந்து, தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். திரையில் ஒரு செம்பாறைக்குப் பின்னால் அமெரிக்கப் பழங்குடிகளான அப்பாச்சே வீரர்கள் பதுங்கியிருந்தார்கள். புழுதியைக் கிளப்பியபடி குதிரைப்படை அவர்களுக்குப் பின்புறமாக வந்துகொண்டிருந்தது. பாறைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு யாழ்ப்பாணத் தமிழ் விளங்காது என்பதை அப்பா ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை.

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும், அல்லது ஒன்பது. இடம், பிரான்சில், லா சப்பலில் யோகன் மாமாவின் வீடியோக் கடைப் பின்னறை. சாப்பாட்டுக் கடைச் சமையலறையில் வாரம் முழுதும் நின்று வேலை செய்யும் அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. புறநகரான ஆர்ஜொந்தெய்யிலிருந்து ரயிலேறி மூவரும் வருவோம். அம்மா சாமான் வாங்கப் போவார். அப்பாவும் நானும் பின்னறைக்குப் போவோம். வெளியே பாலத்தின் மேல் மெட்ரோ ஓடும் ஒவ்வொரு முறையும் திரையின் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு நடுங்கி மறையும். அறையில் மிக்சர் மணமும் புதுக் கசெட்டுகளின் பிளாஸ்டிக் மணமும் கலந்திருக்கும்.

அன்றைக்கு அம்மா சாமான் வண்டிலை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். வண்டிலுக்குள்ளிருந்து முருங்கைக்காய்கள் தலைநீட்டின. திரையில் குதிரைப்படை ஒரு குடியிருப்பைக் கொளுத்திக்கொண்டிருந்தது. பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மலைப்பக்கம் ஓடினார்கள்.

"இஞ்சேருங்கோ," என்றார் அம்மா. "படம் முடிஞ்சாப் பிறகு அந்தச் சனம் எங்கை போகும்?"

யோகன் மாமா முந்திக்கொண்டார். "அக்கா, அதுகளெல்லாம் நடிக்கிற ஆக்கள். சம்பளத்தை வாங்கிக்கொண்டு வீட்டை போவினம்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

"நடிக்கிற ஆக்களைக் கேக்கேல்லை. அந்தச் சனத்தைக் கேட்டனான்."

அப்பா ஒலியைக் கூட்டினார்.

ஒரு பெட்டி நிறையக் குதிரைகள்

தமிழ்ப் படக் கசெட்டுகளை வாடகைக்கு விடும் கடையில் அமெரிக்கக் குதிரைகள் எப்படி வந்தன என்று கேட்பீர்கள்.

யோகன் மாமா ஒருமுறை பழைய சாமான் சந்தைக்குப் போய், பெரிய அட்டைப்பெட்டி நிறையக் கசெட்டுகளை அள்ளிக்கொண்டு வந்தார். உள்ளே என்ன படம் என்று அவர் பார்க்கவில்லை. அவற்றை அழித்து அவற்றின் மேல் தமிழ்ப் படங்களைப் பதிவதுதான் அவருடைய திட்டம். ஆனால் பதிவு இயந்திரம் மறுத்துவிட்டது. ஒவ்வொரு கசெட்டின் முதுகிலும் இருக்க வேண்டிய சிறிய பிளாஸ்டிக் பல் உடைக்கப்பட்டிருந்தது. அந்த ஓட்டையின் மேல் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டியிருந்தால் போதும், இயந்திரம் பேசாமல் பதிந்திருக்கும். கடையில் ஒருவருக்கும் அது தெரியாது. ஒட்டுநாடாவோ கல்லாவுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

அந்த ஒரு துண்டு ஒட்டுநாடா ஒட்டப்படாததால், பெட்டியில் இருந்த குதிரைப் படங்கள் எல்லாம் பிழைத்துக்கொண்டன. அவற்றின் பிரெஞ்சுக் குரல்களைக் கேட்டுக் கேட்டுத்தான் அப்பா பிரெஞ்சு படித்தார். நகரசபையில் பத்திரம் எடுக்கப் போனாலும், "கையை உயர்த்து" என்று சொல்பவரின் தோரணை அவருடைய பேச்சில் கொஞ்சம் இருக்கும்.

விளங்காத இடங்களை மிசியே லூர்து விளக்குவார். புதுச்சேரிக்காரர், தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஞாயிறு பூசை முடிந்து, பூசைக்குப் போட்ட கோட்டோடு நேரே பின்னறைக்கு வருவார். திரையில் யாரையாவது தூக்கில் போடத் தயாரானால் கையை உயர்த்திப் படத்தை நிறுத்தச் சொல்வார்.

"இருங்க, இருங்க. இது லுவாப்படி செல்லாதுங்க. ஜூஜ் எங்க? அவோக்கா எங்க? கயிறு மட்டுந்தான் இருக்குது."

சட்டத்தை அவர் லுவா என்றுதான் சொல்வார். நீதவானும் வக்கீலும் இல்லாமல் திரையில் ஒருவரும் சாகக்கூடாது என்பது அவர் கொள்கை. ஆனாலும் படத்தைத் திரும்ப ஓடவிட்டால் தூக்குத் தூக்குத்தான்.

முக்காலிக்காரன்

அப்பா ஏன் எப்போதும் அப்பாச்சே பக்கம் நின்றார் என்பதை நான் வளர்ந்த பிறகுதான் யோசித்தேன். ஊரில் எங்களுக்கு ஆறு பரப்புக் காணி, அரை ஏக்கரும் வராது, இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே அது ராணுவத்தின் முள்கம்பிக்கு உள்ளே போய்விட்டது. அப்பா அதைப் பற்றிப் பேசியே நான் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் திரையைப் பார்த்துக் கத்துவதோடு சரி.

அவர் அதிகம் கத்தியது துப்பாக்கிக்காரர்களைப் பார்த்து அல்ல. ஒரு படத்தின் தொடக்கத்தில் தொப்பி போட்ட ஒருவன் வெறும் சமவெளியில் முக்காலியை நட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழாயால் பார்ப்பான். வேறொருவன் சங்கிலியை இழுத்துக்கொண்டு ஓடுவான்.

"உவன்தான் முதல் கள்ளன்," என்பார் அப்பா. "சுடுறவன் பிறகுதான் வருவான்."

பிறகு நான் படித்து நில அளவையாளர் ஆனேன். இப்போது ஒபர்வில்லியேயில் ஓர் அலுவலகத்தில் வேலை. முதன்முதலாக முக்காலியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அப்பா அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "அப்ப, கள்ளன் வீட்டுக்குள்ளையே பிறந்திட்டான்," என்று அம்மாவிடம் சொன்னார். மற்றவர்கள் வந்தபோது அதையே பெருமையாகச் சொன்னார்.

படிக்கும் காலத்தில் அப்பாச்சே மக்களைப் பற்றி நூலகத்தில் தேடித் தேடி வாசித்தேன். படங்களில் காட்டாத பல விஷயங்கள் இருந்தன. இதுதான் உங்கள் நிலம் என்று எல்லை வரைந்து கொடுப்பார்கள். உள்ளே வெள்ளியோ செம்போ இருப்பது தெரிந்ததும் கோட்டை உள்நோக்கித் தள்ளி வரைவார்கள். ஒவ்வொரு முறையும் முக்காலிக்காரன் ஒருவன் போயிருக்க வேண்டும். அப்பா சொன்னது சரி.

இன்னொன்றையும் வாசித்தேன். ராணுவக் கோட்டைக்கு அருகில் பாதுகாப்புத் தேடி வந்து தங்கியிருந்த அப்பாச்சேக்களை, பக்கத்து ஊர்க்காரர்கள் திரண்டு போய் விடியற்காலையில் கொன்றார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். கொன்றவர்களைப் பிறகு நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். ஊர்க்காரர்களே உட்கார்ந்திருந்த நடுவர் குழு, தேநீர் ஆறுவதற்குள் குற்றமில்லை என்று சொல்லிவிட்டது. இதை மிசியே லூர்துவிடம் சொன்னேன். "ஜூஜும் இருந்தாரு, அவோக்காவும் இருந்தாரு, இல்ல?" என்று மட்டும் கேட்டார்.

என் வேலையில் எனக்குப் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. இங்கே இரண்டு காணிகளுக்கு நடுவே எல்லைக்கல் போட வேண்டுமென்றால், இரண்டு பக்கத்தாரையும் அதே இடத்துக்கு அழைக்க வேண்டும். இருவரும் வேலியோரமாக நடந்து, பார்த்து, பேசி, ஒப்புக்கொண்ட பிறகுதான் கல். எத்தனை நவீன கருவி வைத்திருந்தாலும் ஒருவரை மட்டும் கேட்டுக் கோடு போட முடியாது. பல நாட்கள் மழையில் நின்று இரண்டு கிழவர்கள் செடிவேலிக்காகச் சண்டை பிடிப்பதைக் கேட்டிருக்கிறேன். அலுப்பாக இருந்தாலும் அந்த வழக்கம் எனக்குப் பிடிக்கும்.

தேநீர் ஆறுவதற்குள்

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஆறு பரப்பை ராணுவம் விடுவித்தது. ஊரிலிருந்து அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணனின் மகன் ரூபன்தான் முதலில் சொன்னான். அப்பா அன்று வேலையிடத்துச் சமையலறையிலிருந்தே யோகன் மாமாவுக்கு அழைத்தார். கடையில் எல்லோருக்கும் இனிப்பு.

அடுத்த செய்தி கொஞ்ச காலம் கழித்து வந்தது. எங்கள் காணியில் யாரோ தகரக் கொட்டில் போட்டுக் குடியிருக்கிறார்கள். கிணறு இறைத்து வெங்காயம் நட்டிருக்கிறார்கள்.

"அடாத்து!" என்றார் அப்பா. பிறருடைய காணியில் உரிமையில்லாமல் ஏறி இருப்பதற்கு எங்கள் ஊரில் அதுதான் சொல். அந்த வாரம் முழுதும் வீட்டில் வேறு சொல்லே கேட்கவில்லை.

ஞாயிறு வந்ததும் பின்னறை கூடியது. கடை இப்போது கைப்பேசியும் பார்சலும் பார்க்கிற கடை. தொலைக்காட்சி தட்டையாகிவிட்டது. பிளாஸ்டிக் கதிரைகள் மட்டும் அதே கதிரைகள். அப்பா, யோகன் மாமா, மிசியே லூர்து, மடிக்கணினியோடு நான். கைப்பேசித் திரையில் ரூபன். ஓடிக்கொண்டிருந்த படத்தை அப்பா நிறுத்தி வைத்திருந்தார். ஒரு குதிரை முன்கால்களைத் தூக்கியபடி அந்தரத்தில் நின்றது.

நான் செயற்கைக்கோள் எடுத்த செய்மதிப் படத்தைத் திறந்து காணியைக் காட்டினேன். தகரக் கூரை வெயிலில் மின்னியது. பக்கத்தில் பச்சையாக ஒரு சதுரம், வெங்காயம். காணியின் கிழக்கில் ஒரு குறுகிய ஒழுங்கைப் பாதை, அதை அடுத்து ராணுவத்தின் முள்கம்பி, அதற்கப்பால் பற்றைக்காடு.

"சித்தப்பா, நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ," என்றான் ரூபன். "நாலு பெடியளோட போய்க் கூரையைக் கழட்டிவிட்டா, சனம் தானாப் போயிடும்."

"அடிபிடி ஒண்டும் வேண்டாம்," என்றார் யோகன் மாமா.

"ஆர் அடிக்கிறது? கூரையைத்தானே கழட்டுறம்."

"கன காலம் இருந்திட்டாங்கள் எண்டா ஆட்சி உரிமை கேப்பாங்கள்," என்றார் அப்பா. "பிறகு வழக்காடியே நான் செத்துப் போவன்."

எல்லோரும் மிசியே லூர்துவைப் பார்த்தார்கள். அவர் கோட்டைச் சரிசெய்துகொண்டார்.

"ப்ரொப்ரியேத்தேர் யாரோ, அவங்க சொல்றதுதாங்க லுவா. சொத்துக்காரர் வெளிய போன்னா போகணும். வாலா, அவ்வளவுதாங்க."

நான் மெதுவாகக் கேட்டேன். "அப்பா, நீங்கள் எப்பவும் அப்பாச்சே பக்கமெல்லோ?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "இப்பவும் நான்தான் பிள்ளை அப்பாச்சே. வந்து குடியேறினது அவங்கள்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. யோகன் மாமா ஊற்றி வைத்த தேநீரிலிருந்து இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. "அப்ப, வாற கிழமை கழட்டு," என்று அப்பா ரூபனிடம் சொன்னார்.

காணி ஆற்றை?

அம்மா எப்போது வந்து வாசலில் நின்றார் என்று ஒருவரும் கவனிக்கவில்லை. வழக்கம்போல அதே சாமான் வண்டில். கையில் எங்களுக்காக வாங்கிய ரோல்ஸ் பொட்டலம், எண்ணெய் ஊறிய கடதாசியோடு.

"என்னத்தைக் கழட்டுறது?"

அப்பா சுருக்கமாகச் சொன்னார். அம்மா பொட்டலத்தை மேசையில் வைத்தார்.

"காணி ஆற்றை?"

"என்னப்பா விசர்க் கேள்வி? எங்கடை."

"எனக்குச் சீதனமாத் தந்த காணி. என்னை ஆரும் கேட்டியளோ?"

அந்த அறையில் இதைத் தெரியாதவர் இல்லை. யோகன் மாமா எங்கள் ஊர்க்காரர்தான். அப்பா அம்மாவின் கலியாணத்தில் சாப்பிட்டவர். இருந்தும் ஒரு வாரமாக ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை, எனக்கும் வரவில்லை. ஊரில் காணியைப் பெண்ணின் பெயரில் எழுதுவார்கள். பிறகு ஆண்கள் கூடி உட்கார்ந்து அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்வார்கள்.

மிசியே லூர்து இருமினார். "அப்படின்னா மதாம்தான் ப்ரொப்ரியேத்தேர். அப்ப மதாம் சொல்றதுதாங்க லுவா. நான் முதல்லயே சொன்னேன்."

"நல்லாச் சொன்னியள்," என்றார் யோகன் மாமா.

அம்மா அப்பாவைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"கூரையைக் கழட்டினாப் பிறகு அந்தச் சனம் எங்கை போகும்?"

அப்பாவின் கை ரிமோட்டில் இருந்தது. எனக்கு எட்டு வயதாயிருந்தபோது அம்மா கேட்ட அதே கேள்வி. அப்பாவுக்கும் அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். திரையை ஒருமுறை பார்த்தார். இந்த முறை கூட்டுவதற்கு ஒலி எதுவும் இல்லை.

"உமக்கு அந்தச் சனத்தைத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"சாந்தியோ? ஊரிலை நம்பரை விசாரிச்சு எடுத்து, இந்தக் கிழமை முழுக்கக் கதைக்கிறனான்."

சாந்தியின் கணவர் பெயர் குகன், இரண்டு பெண் பிள்ளைகள், இடம்பெயர்ந்தோர் முகாமிலேயே பிறந்தவர்கள். எங்கள் காணியின் கிழக்கே அந்த முள்கம்பிக்கு அப்பால் இருப்பது அவர்களுடைய காணி. ராணுவம் அதை இன்னும் விடவில்லை. திறக்கிற நாளில் முதல் ஆளாய் உள்ளே போகலாம் என்று, தங்கள் காணி கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து வந்து குந்தியிருக்கிறார்கள். அம்மா இதையெல்லாம் சாமான் விலை சொல்வதுபோலச் சொன்னார்.

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் அடாத்து அடாத்து எண்டு கத்தினதிலை, சொல்ல எங்கை இடம் கிடைச்சது?"

ரூபன் கைப்பேசித் திரையில் தலையைச் சொறிந்தான். "அப்ப, மாமி, பெடியளுக்கு வேண்டாம் எண்டு சொல்லட்டோ?"

"உனக்கு நான் மாமியோ, சித்தியோ? முறை தெரியாமல் கூரை கழட்ட வாறாய். வையடா போனை."

பிறகு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, உன்ரை வேலையிலை ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டு வைச்செல்லோ எல்லை பாக்கிறனீ? அப்படிச் செய். கொப்பா அந்தப் பெடியனோடை ஒருக்காக் கதைக்கட்டும். கதைச்ச பிறகும் போகத்தான் வேணும் எண்டா, நானே சாந்திக்குச் சொல்லுறன்."

கதியால்

அடுத்த ஞாயிறு, பின்னறையில், என் தொழில் வாழ்க்கையின் மிக விசித்திரமான எல்லை நடை நடந்தது. அப்பா சவரம் செய்து சட்டை மாற்றி வந்திருந்தார். குகன் அங்கே கைப்பேசியைப் பிடித்தபடி வேலியோரம் நடந்தார். மெலிந்த மனிதர், தோளில் துவாய்.

"ஐயா, போகச் சொன்னால் போறம். ஒரு மாதம் தந்தால் வெங்காயத்தைக் கிண்டிப்போடுவன்."

"முதல்லை வேலியைக் காட்டும்," என்றார் அப்பா. நீதவானின் தோரணை. அது எந்தப் படத்திலிருந்து வந்தது என்றுகூட என்னால் சொல்ல முடியும்.

தெற்கு வேலி, மேற்கு வேலி எல்லாம் சரி. வடக்கு வேலிக்கு வந்ததும் குகன் நின்றார்.

"இஞ்சை ஒரு பிரச்சினை வந்தது ஐயா. வடக்குக் காணி மாஸ்டர் வேலி அடைக்கேக்கை, கதியாலை ஒரு சாண் இஞ்சாலை தள்ளி நட்டுப்போட்டார்."

யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: எங்கள் வேலிகள் உயிருள்ள தடிகளால் ஆனவை. நட்ட கதியால் வேர்விட்டுத் துளிர்க்கும். வேலியைப் புதுப்பிக்கும்போது புதுக் கதியாலைச் சற்றே அடுத்த காணிக்குள் நடுவது சிலருக்குக் கை வந்த பழக்கம். துப்பாக்கி இல்லை, குதிரை இல்லை. ஒரு தலைமுறையில் அரைப் பரப்பு நகர்ந்துவிடும்.

அப்பா முன்னால் சாய்ந்தார். "பிறகு?"

"நான் விடேல்லை ஐயா. பழைய பூவரசங் கட்டை அங்கை கிடக்குது, அதுதானே எல்லை? 'பிரான்ஸ் ஆக்கள் இல்லாத நேரம் பாத்துத் தள்ளுறியளோ' எண்டு கேட்டுப் பிடுங்கி, திருப்பிக் கட்டையோடை நட்டன். மாஸ்டர் இப்ப என்னோடை கதைக்கிறேல்லை."

அப்பா கதிரையிலிருந்து பாதி எழுந்தார். பல வருடங்களாக நான் பார்த்துப் பழகிய அதே எழும்பல்.

"மாஸ்டரோ! என்ரை கலியாணத்துக்கு முந்தியே அந்தாளுக்கு உதுதான் வேலை! யோகன், கேட்டியே? நல்ல காரியம் செய்தனீர் தம்பி. விடாதையும். ஒரு விரலும் விடாதையும்!"

நான் குகனைக் கட்டைக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லி, செய்மதிப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அவர் நட்ட கோடு சரியாகவே இருந்தது. மிசியே லூர்து, காணிக்காரரின் அனுமதியோடுதான் குடியிருப்பு என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டால் அது அடாத்து ஆகாது என்றார். அம்மா சரி என்றார். குகனும் சரி என்றார். அப்பா இதையெல்லாம் கேட்கிற நிலையில் இல்லை. மாஸ்டரின் மற்றப் பக்கத்து வேலி எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் குகன் கைப்பேசியைக் கிழக்குப் பக்கம் திருப்பினார். முள்கம்பி. அதற்கப்பால் ஆளுயரப் பற்றை. தூரத்தில் இரண்டு பனைகள்.

"அந்த ரெண்டுக்கும் நடுவிலைதான் ஐயா எங்கடை வீடு. இப்ப கிணத்துக்கட்டு மட்டும் கிடக்குது. நல்ல வெயிலுக்கு இஞ்சை நிண்டாத் தெரியும்."

அப்பா கைப்பேசித் திரைக்குக் கிட்டக் குனிந்தார். பாலத்தின் மேல் மெட்ரோ போய் முடிந்தது.

"பிள்ளை," என்றார். "உதையும் அளந்து வை."

செய்மதிப் படத்திலிருந்து அளந்து வைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் இன்னும் ஒப்புக்கொள்ளாத எல்லையை இடைவெளி விட்டு விட்டு வரும் கோடாக வரைவது எங்கள் தொழில் வழக்கம். குகனின் காணி என் வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது, இரண்டு பனைகளும் கிணற்றுக்கட்டும் சேர்த்து. முள்கம்பி இன்னும் அங்கேதான். ஞாயிறுதோறும் அப்பா குகனுக்கு அழைத்து முதலில் மாஸ்டரை விசாரிப்பார், பிறகு வெங்காயத்தை.

வரைபடத்தை அச்செடுத்து அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"படலை எங்கை?"

குகனின் காணிக்கு வேலி மட்டும் வரைந்து வாசல் வரைய மறந்திருந்தேன். அன்றைக்கே சாந்திக்கு அழைத்துக் கேட்டேன், படலையை எந்தப் பக்கம் வைப்பதாக எண்ணம் என்று. அவர் யோசிக்கவே இல்லை.

"மேற்கை வையுங்கோ தங்கச்சி," என்றார். "உங்கடை காணியைப் பாத்தபடி."